கூடத்துச் சுவரில் நான்கு சான்றிதழ்கள்

காபியில் சர்க்கரை போடவில்லை மாமா. உங்களுக்கு ஆகாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். டிகாக்‌ஷன் காலையில் இறக்கியது. கெட்டுப்போகவில்லை, நான் குடித்துப் பார்த்தேன்.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

அம்மா ஜனக்புரியில் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போகிறாள். இங்கே சரோஜினி நகரிலிருந்து ஒரே பஸ். ஏன் வந்தாய் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை, சாப்பிடுகிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், படுத்துக்கொள்கிறாள் என்கிறீர்கள். "நீயாவது சொல்லுடா ஹரி, என்னதான் ஆச்சு?" என்கிறீர்கள்.

சொல்கிறேன். நீங்கள் அப்பாவோடு ஒரே அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். போன மாதம் ஓய்வு பெறும்வரை நிர்வாகப் பிரிவில் இருந்தவர். எதையும் முதல் பக்கத்திலிருந்து படித்தால்தான் உங்களுக்குத் திருப்தி. முதல் பக்கம் அந்தச் சுவரில் இருக்கிறது.

நான்கும் என் சான்றிதழ்கள். மார்க்கெட்டில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்து அப்பா போட்டுவந்தார். அந்த இடத்தில் முன்பு வெங்கடாசலபதி இருந்தார். அவரைச் சமையலறைக்கு மாற்றியபோது அம்மா தடுத்தாள்.

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்டி விஜயம். அவருக்கென்ன, பர்மனென்ட் போஸ்ட். இவனுக்குன்னா வேலை ஆகணும்" என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருமாள் சமையலறைக்குப் போனார்.

அரசாங்கம் ஓய்வு வயதை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக உயர்த்திய அன்று அப்பா லட்டு வாங்கிவந்தார். நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். லட்டை முதலில் என் வாயில் வைத்தார்.

"கவர்ன்மென்ட் இதை எனக்குக் குடுக்கலைடா. உனக்குக் குடுத்திருக்கு. அதுக்குள்ள செட்டில் ஆயிடு."

அந்த நாட்களில் டெல்லியில் எல்லோரும் கம்ப்யூட்டர் படித்தார்கள். சவுத் எக்ஸ்டென்ஷனில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. அதன் விளம்பரப் பலகையில் ஒரு விமானம் வரைந்திருந்தது. படிப்பைப் பற்றிப் பலகையில் ஒரு வரியும் இல்லை. விமானம் போதுமானதாக இருந்தது. அப்பா சேமநல நிதியிலிருந்து பணம் எடுத்து என்னைச் சேர்த்தார். பட்டம் வெறும் காகிதம், சர்வதேசச் சான்றிதழ்தான் பாஸ்போர்ட் என்று ஆபீஸில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நீங்களாகக்கூட இருக்கலாம்.

தேர்வு நேரு ப்ளேஸில். சிறிய அறை, குளிர்சாதனம், முன்னால் ஒரு கம்ப்யூட்டர். கைக்கடிகாரத்தைக்கூட வெளியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். திரையில் ஒரு கேள்வி வரும். கீழே நான்கு விடைகள். ஒன்று சரி. மற்ற மூன்றும் கிட்டத்தட்ட சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். கடைசியில் திரும்பி வந்து முடிவு செய்யலாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வாழ்க்கையில் வேறு எங்கும் அப்படி ஒரு வசதி இல்லை.

ஏற்கெனவே தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிவைத்த கேள்விகள் பயிற்சி நிலையத்திலேயே கிடைத்தன. தடித்த ஜெராக்ஸ் கட்டு. அதை நான் அம்மா சஹஸ்ரநாமம் சொல்வதுபோல் சொல்லக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கும் பாதிப் பெயர்களுக்குப் பொருள் தெரியாது. பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது.

தேறினேன். அப்பா நகல் எடுத்து லாமினேட் செய்து ஆபீஸுக்குக் கொண்டுபோனார். டீ கொண்டுவரும் ஆளுக்குக்கூடக் காட்டினாராம். நீங்கள் ஒரு நகலை வாங்கி உங்கள் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தீர்கள். "நம்ம ராமசுப்ரமணியன் புள்ளை" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் நேர்காணலுக்கு அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் ஒரே கோட்டுதான். குளிர்காலத்தில் அப்பா ஆபீஸுக்குப் போடுவார், எனக்கு நேர்காணல் இருந்தால் அன்று ஸ்வெட்டரோடு போவார். ஓக்லாவில் ஒரு சிறிய கம்பெனி. ஆல்பர்ட் என்று ஒரு நாகர்கோவில்காரர் என்னைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஒரு மெஷினைக் காட்டினார்.

"இதுல நெட்வொர்க் வரல தம்பி. என்னன்னு பாருங்க."

நான் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மனம் எதற்கோ காத்திருந்தது. எதற்கு என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான்கு விடைகளுக்கு.

"என்ன யோசிக்கிறீங்க?"

"ஆப்ஷன்ஸ் என்னன்னு…"

அவர் சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுக் கழன்று தொங்கிய கேபிளைச் செருகினார். விளக்கு பச்சையாக எரிந்தது.

"வெளியில ஆப்ஷன் குடுக்க மாட்டாங்க தம்பி. டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

டீ நன்றாக இருந்தது.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஒன்று போதாதாம் என்று மட்டும் சொன்னேன். அப்பா மறுபடி சேமநல நிதிக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டாவது சான்றிதழ் வந்தபோது அமெரிக்காவில் கம்பெனிகள் மூடத் தொடங்கியிருந்தன. மூன்றாவது வந்தபோது அங்கே போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நொய்டாவில் ஒரு கட்டடத்தின் வெளியே வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவனிடமும் பின்னால் நின்றவனிடமும் அதே மூன்று சான்றிதழ்கள் இருந்தன. கூடவே அனுபவமும் இருந்தது. வாசலிலிருந்த காவலாளி எங்கள் பைல்களை வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டான். பெட்டி நிறைந்ததும் காலால் மிதித்து அழுத்தினான்.

நான்காவதை எழுதினேன். வேறு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சட்டம் போடும் கடைக்காரர் அப்பாவுக்குச் சகாய விலை கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

இதற்கிடையில் அப்பாவுக்கு ஒரு தடவை மார்வலி வந்தது. டாக்டர் நாக்குக்குக் கீழே வைத்துக்கொள்ளும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்னப் பழுப்புநிறப் பாட்டில். எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்றார். வெயில் காலத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். குளிர்காலத்தில் கோட்டின் உள்பையில். வீட்டில் இருக்கும்போது கோட்டு கூடத்தில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கோட்டு எனக்குத் தேவைப்படும் நாளில் பாட்டிலை எடுத்து அப்பாவிடம் கொடுப்பேன், திரும்பி வந்ததும் வாங்கிக் கோட்டில் வைப்பேன். இது வீட்டுப் பழக்கம். யாரும் யோசிக்காமல் செய்வது.

கீழ் வீட்டுக் கலியமூர்த்தி உங்களுக்கு நினைவிருக்கும். விவசாய அமைச்சகம். வேலையில் இருக்கும்போதே ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே போய்விட்டார். மனைவி முன்பே காலமாகியிருந்தாள். மகன் கௌதமன் பன்னிரண்டாவதில் இரண்டு முறை தவறியவன். சரோஜினி நகரில் நடைபாதையில் டீ-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தான். கருணை அடிப்படையில் அவனுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அவர்கள் இருந்த அரசாங்க வீடும் அவன் பெயருக்கு மாறியது. ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றான்.

"ஹரி பையா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்ல? எனக்கு டைப்பிங் கத்துக் குடுங்களேன். டெஸ்ட் இருக்கு."

கற்றுக்கொடுத்தேன். நல்ல பையன். தேறிவிட்டு மிட்டாய் கொண்டுவந்தான். அன்று இரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

"கலியமூர்த்தி புண்ணியவான். போறச்சே புள்ளைய சீட்ல உக்கார வெச்சுட்டுப் போயிட்டான்."

அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நானும் ஏப்ரலுக்குள்ள போயிட்டா இவனுக்கு வேலை, உனக்கு வீடு, பென்ஷன். அதுக்கு மேல போனா வெறும் மாலை போட்ட ஃபோட்டோதான். அதுக்கு இந்தச் சுவத்துல எடமும் இல்லை."

"வாயைக் கழுவுங்கோ" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் இதைப் பலமுறை சொன்னார். கரண்ட் பில் வந்தால் சொல்வார். எனக்கு நேர்காணல் கடிதம் வராத வாரங்களில் சொல்வார். ஒருமுறை ஷேவ் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அதை நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும். நான் சொன்னதல்ல அது, அவர் சொன்னது.

ஏப்ரல் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குப் பிறகு சில மாதங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊரில் ஒன்றும் இல்லை. சேமநல நிதி சுவரில் இருந்தது. டெல்லியில் வாடகைக்கு ஒரு அறை எடுத்தாலும் பென்ஷனில் பாதி போய்விடும். அம்மா பழைய பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்து அடுக்கத் தொடங்கியிருந்தாள், விற்பதற்கு. 

நவராத்திரிக்கு நீங்கள் கொலு பார்க்க வந்தீர்கள். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உங்களைக் கேட்டேன். உங்களுக்கு மறந்திருக்கும்.

"ரிடையர் ஆனப்புறம் போனா அந்தக் கருணை வேலை ரூல் கிடையாதா மாமா?"

"கிடையவே கிடையாது. சர்வீஸ்ல இருக்கறச்சே போகணும். கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் மூடற வரைக்கும் வேலிட்" என்றீர்கள். பிறகு அப்பாவைப் பார்த்து, "என்னய்யா, புள்ளை ப்ளான் போடறான் பாரு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு நேர்காணல் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்தது. காலையில் கோட்டிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் என் அறையில் ஃப்ளாப்பி வைக்கும் டப்பாவில் வைத்துவிட்டுப் போனேன். அது தற்செயல்தான். நேர்காணலில் ஒரு பெண் நான்கு சான்றிதழ்களையும் புரட்டிப் பார்த்தாள். இவை பழைய வெர்ஷனுக்கானவை, புதியது வந்துவிட்டதே, அதை எழுதிவிட்டு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னாள். நான் எழுந்து நன்றி சொன்னேன். தௌலா குவான் வரை நடந்து வந்தேன். பனியில் எதிரே வரும் பஸ் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியில் மாட்டினேன்.

பாட்டிலைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். மறக்கவில்லை. ஃப்ளாப்பி டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடினேன். எதையும் முடிவு செய்யவில்லை மாமா. ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா பொங்கல் சாமான் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனாள். அப்பா கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் என் அறையில் இன்டர்நெட்டில் புதிய வெர்ஷனுக்கான மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரே டெலிபோன் லைன். நெட் ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். கூடத்தில் ரிசீவரை எடுத்தால் இரைச்சல் கேட்கும். அப்பாவுக்கு ஃபோன் வேண்டுமென்றால் "ஹரி, கட் பண்ணுடா" என்று குரல் கொடுப்பார். நான் உடனே துண்டிப்பேன். இதுவும் வீட்டுப் பழக்கம்தான்.

முதலில் "ஹரி" என்றார். சத்தமாக இல்லை. பேப்பர் விழுந்தது. கதவு சுவரில் இடித்தது, கோட்டின் பையைத் துழாவும்போது கதவு அப்படித்தான் இடிக்கும். ஒரு பை. பிறகு இன்னொரு பை. பிறகு முதல் பை மறுபடியும்.

அப்புறம் ரிசீவரை எடுத்தார். சில சமயம் அப்படி எடுத்தாலே நெட் அறுந்துபோகும். அன்று அறுந்துபோகவில்லை. அதை நான் கவனித்தேன். அறுந்திருந்தால் எழுந்து போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"ஹரி… கட் பண்ணு" என்றார். ரிசீவருக்குள் சொன்னாரா, என் அறையைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை.

என் முன்னால் திரையில் ஒரு கேள்வி இருந்தது. ஓரத்தில் நேரம் ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு நான்கு விடைகள் தெளிவாகத் தெரிந்தன. நெட்டைத் துண்டிக்கலாம். பாட்டிலை எடுத்துக்கொண்டு போகலாம். கீழே கௌதமனைக் கூப்பிடலாம். எதுவும் செய்யாமல் இருக்கலாம். நான்கும் கிட்டத்தட்ட சரி. எது மிகச் சரியானது என்று மட்டும் பார்த்தேன். ஏப்ரலுக்குப் பிறகு எந்த விடைக்கும் மதிப்பு இல்லை என்பதையும் பார்த்தேன்.

தேர்வை முழுதாக எழுதி முடித்தேன். அன்று எடுத்ததுதான் நான் எடுத்ததிலேயே அதிக மதிப்பெண்.

பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைத்தேன். அப்பாவின் ஒரு கை கோட்டின் பைக்குள் இருந்தது, கோட்டு அவர்மேல் விழுந்திருந்தது. மூக்குக்கண்ணாடி நகர்ந்திருந்தது, சரிசெய்தேன். அதன் பிறகு மாடிப்படியில் கத்திக்கொண்டே இறங்கினேன். அந்தக் கத்தல் உண்மையானது மாமா. கௌதமன் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தான். டாக்ஸியில் அப்பாவின் தலையை அவன்தான் மடியில் வைத்திருந்தான். திரும்பி வந்தபோது அம்மா வாசலில் முருங்கைக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தாள், சாவி என்னிடம் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் நீங்கள் அழுதீர்கள்.

"அன்னிக்கு மத்தியானம் நான் ஃபோன் பண்ணினேண்டா. பொங்கலுக்கு ஆத்துக்கு வாங்கோன்னு சொல்ல. திரும்பத் திரும்பப் பண்ணினேன். எங்கேஜ்டாவே இருந்தது."

"நெட்ல இருந்தேன் மாமா" என்றேன்.

"படிச்சிண்டிருந்தே. பாவம், நீ என்னடா பண்ணுவே" என்று என் முதுகைத் தடவினீர்கள்.

நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். கருணை நியமனத்துக்கு என் பெயரைக் கொடுத்தோம். குடும்பத்தின் நிலைமையைப் பார்க்க நீங்களும் நலப்பிரிவிலிருந்து ஒருவரும் வந்தீர்கள். அம்மா பித்தளைப் பாத்திரம் விற்றதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அந்த மனிதர் சுவரைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அரே வாஹ், லட்கா தோ இன்ஜினியர் ஹை!" பையன் இன்ஜினியராச்சே என்று வியந்தார்.

நீங்கள் பெருமையாகத் தலையாட்டினீர்கள். "இன்டர்நேஷனல்" என்றீர்கள்.

குறிப்பிலும் அதை எழுதினீர்கள். கமிட்டியில் என்ன சொன்னார்கள் என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

"பையன் ஒசத்தின்னு எழுதினேண்டா. அவா அதையே பிடிச்சுண்டுட்டா. நாலு சர்டிஃபிகேட் இருக்கறவன் வெளில லட்சமா சம்பாதிப்பான், இவனுக்கு எதுக்குக் கருணைங்கறா. அம்மா பேர்ல போடு. மெட்ரிக் பாஸ் தானே, விதவை வேற. அதுக்கு ஒத்துப்பா."

எத்தனையோ ஆபீஸ்களுக்கு அந்தச் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவற்றை உண்மையென்று நம்பிய ஆபீஸ் அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. வீடு அவள் பெயரில் வந்தது. அப்பா இருந்த மாடியிலேயே எழுத்தர். நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாகத் தனியாக பஸ் ஏறினாள். டைப்பிங் தெரியாது. நான் கற்றுக்கொடுத்தேன். கௌதமனுக்குக் கொடுத்த அதே பாடம். அவளுக்கு விரல்கள் வளையவில்லை. ஷிஃப்ட் கீயை ஏதோ அடுப்பு பர்னரைத் தொடுவதுபோல் தொடுவாள். ஆனாலும் விடவில்லை. ஆபீஸிலிருந்து வந்து, சமைத்துவிட்டு, என் அறையில் உட்கார்ந்து பழகினாள். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் போயிற்று. நான் வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தியிருந்தேன். புதிய வெர்ஷனும் பழையதாகிவிட்டது.

போன வாரம் நான் கடைக்குப் போயிருந்தேன். டைப்பிங் பாடம் இருக்கும் ஃப்ளாப்பியைத் தேடி அவள் டப்பாவைத் திறந்திருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது பாட்டில் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. லேபிளில் அப்பாவின் பெயர். மூடி திறக்கப்படவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசியாக அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தாள். பிறகு பாட்டிலை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு சமையலறைக்குப் போனாள். அன்று நான் ரசம் வைத்திருந்தேன். அவள் தயிரை மட்டும் கடையிலிருந்து வாங்கிவந்து சாப்பிட்டாள். தன் ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கைப்பையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் ஆபீஸுக்குப் போனாள். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பாட்டிலை நான் ஏன் அன்றைக்கே தூக்கிப் போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தூக்கிப் போட்டிருந்தால் அது குற்றம் ஆகியிருக்கும். திருப்பி வைப்பதற்காகத்தான் எடுத்துவைத்தேன். வைக்கவில்லை. அப்பா கூப்பிட்டது கேட்டது, போகவில்லை. அவரைக் கொன்றேன் என்று அம்மா நினைக்கிறாள். அவள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. நான் மறுக்கவில்லை. அந்த வார்த்தை சரிதான். ஆனால் அப்பா விரும்பியதை நான் செய்தேன் என்பதையும் அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அவள் சாப்பிடும் சம்பளம் அதிலிருந்து வந்தது.

காபியை நீங்கள் தொடவில்லை. ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரட்டுமா?

சரி, உட்காருங்கள். ஒரு நிமிடம்தான். அம்மாவை வரச் சொல்லுங்கள். அரசாங்க வீடுகளைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீஸ் ஆட்கள் சோதனைக்கு வந்தால் வீட்டுக்கு உரியவள் வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாருக்கோ உள்வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்று எழுதிவிடுவார்கள். இந்த வயதில் அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு இன்னும் பத்து வருடம் சர்வீஸ் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். நிர்வாகப் பிரிவில் இருந்தவர், உங்களுக்குத்தான் தெரியும். கொலுவன்று நான் கேட்ட அந்த விதி, கருணையில் வேலைக்கு வந்தவர்களுக்கும் பொருந்துமா மாமா?